வரைபடக் கோட்டுக்குள் சிக்கிய நிலம்: விடுவிப்பும் இழப்பீடும்

இருபது சென்ட் மனையில் வீடு கட்ட நினைக்கும் ஒருவர் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கிறார். பட்டா அவர் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டுக்கு ஒரு குறையும் இல்லை. தாய்ப்பத்திரம் முதல் வரி ரசீது வரை எல்லாமே சரி. சில வாரம் கழித்து வரும் பதில் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: மனையின் பெரும்பகுதி விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் 60 அடிச் சாலைக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே சாலையும் இல்லை, சாலைக்கு அளந்து நட்ட கல்லும் இல்லை. நிலத்துக்கென்று அரசு ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை. இருப்பதெல்லாம் அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் எப்போதோ போட்ட இரண்டு கோடுகள் மட்டும்.

தமிழ்நாட்டின் நகரங்களிலும் நகரங்களை ஒட்டிய ஊர்களிலும் இந்த நிலையில் இருக்கும் மனைகள் ஏராளம். கோவைப் பக்கம் 'ஸ்கீம் ரோடு' என்று சொன்னாலே நிலத் தரகர்கள் பின்வாங்கிவிடுவார்கள். வாங்குபவருக்கு இது முன்கூட்டித் தெரியாமல் போவதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. வில்லங்கச் சான்று பதிவுத் துறையில் பதிவான ஆவணங்களை மட்டும்தான் காட்டும். அரசிதழில் வெளியான ஒதுக்கீடு அதில் ஏறாது. பட்டாவிலும் புலப்படத்திலும்கூட அதன் சுவடு இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. திட்ட அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லி நில உபயோகச் சான்று கேட்கும்போதுதான் விஷயம் வெளிவரும்.

நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்ததும் பலர் நிலத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது தேவையற்ற இழப்பு. அந்தக் கோட்டுக்குச் சட்டம் ஓர் ஆயுள் வைத்திருக்கிறது, அந்த ஆயுள் பெரும்பாலும் எப்போதோ முடிந்துபோயிருக்கும்.

எந்த வகைக் கட்டுப்பாடு?

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. திட்டம் இந்த நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறதா, அல்லது யார் பயன்படுத்தலாம் என்றே மாற்றிவிடுகிறதா? வழக்குக்குப் போகலாமா என்பது இந்தக் கேள்வியின் பதிலைப் பொறுத்தது.

முழுமைத் திட்டம் ஒரு பகுதியைக் குடியிருப்பு என்றோ விவசாயம் என்றோ தொழில் என்றோ வகைப்படுத்துவது முதல் வகை. விவசாய மண்டலத்தில் இருக்கும் நிலத்தில் அடுக்குமாடி கட்ட முடியாதுதான். ஆனால் நிலம் உரிமையாளரிடமே இருக்கிறது. அவர் உழலாம், குத்தகைக்கு விடலாம், விற்கலாம். விலை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக இழப்பீடு வழங்குவதில்லை. சென்னையில் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்தடி நீர்ச் செறிவூட்டப் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அவை நகரின் குடிநீரைக் காப்பவை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகும் இவற்றைத் தளர்த்தச் சொல்வது நியாயமாகாது, இந்த அத்தியாயம் அதற்கு உதவவும் செய்யாது. தவறாக வகைப்படுத்தப்பட்டதாக உண்மையிலேயே கருதுபவர், திட்டம் வரைவாக இருக்கும்போதே ஆட்சேபணை தெரிவிக்கலாம். முழுமைத் திட்ட வரைவுக்கு ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த வாய்ப்பு தவறினால் நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

சாலை, பூங்கா, பள்ளி, பேருந்து நிலையம், சந்தை என்று ஒரு குறிப்பிட்ட மனையைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்குவது இரண்டாவது வகை. இங்கே உரிமையாளருக்குச் செய்ய எதுவுமே மிஞ்சுவதில்லை. அவர் வீடு கட்ட முடியாது, அரசும் எடுத்துக்கொள்ளாது. பெயருக்குத்தான் அவர் உரிமையாளர். இந்த வகைக்குத்தான் சட்டம் ஒரு விலையும் ஒரு காலக்கெடுவும் வைத்திருக்கிறது: ஒன்று பணம் கொடுத்து எடுத்துக்கொள், அல்லது விட்டுவிடு.

1978-ல் 44-வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனாலும் அது 300ஏ பிரிவில் அரசியல் சாசன உரிமையாக நிற்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது. அந்த ஒற்றை வரிக்குள் என்னென்ன அடங்கும் என்பதை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் விரித்துச் சொன்னது. தனியார் நிலம் ஒன்றைப் பூங்காவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டதாக மாநகராட்சி வாதிட்டது. அது காட்டிய சட்டப் பிரிவோ எந்த நிலம் தேவை என்று அடையாளம் காட்ட மட்டுமே அதிகாரம் கொடுக்கிறது, நிலத்தை எடுக்கும் அதிகாரம் அதில் இல்லை என்றது நீதிமன்றம். முன்னறிவிப்பு பெறுவது, கேட்கப்படுவது, காரணத்தோடு கூடிய முடிவைப் பெறுவது, பொது நோக்கத்துக்கு மட்டுமே எடுக்கப்படுவது, நியாயமான இழப்பீடு பெறுவது, நடவடிக்கை தாமதமின்றி நடப்பது, அது ஒரு முடிவுக்கு வருவது என்று ஏழு உரிமைகளை அந்தத் தீர்ப்பு வரிசைப்படுத்தியது. திட்ட அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர் கடைசி இரண்டையும் மறக்கக்கூடாது. ஆண்டுக்கணக்கில் தொங்கவிடுவதே உரிமை மீறல்தான்.

மூன்று ஆண்டுக் கெடு

1920-ம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தின் இடத்தில் வந்தது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அதில் 36, 37, 38 ஆகிய மூன்று பிரிவுகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். திட்டத்தில் ஒதுக்கப்பட்ட நிலம் பொது நோக்கத்துக்குத் தேவையானதாகக் கருதப்படும், அதைக் கையகப்படுத்தலாம் என்கிறது 36. எப்படி என்பதை 37 சொல்கிறது. திட்டக் குழுமம் உரிமையாளரிடம் பேசி ஒப்பந்தப்படி வாங்கலாம். இல்லையேல் கையகப்படுத்தக் கோரி அரசிடம் விண்ணப்பிக்கலாம், அரசு அதற்கான விளம்புகையை அரசிதழில் வெளியிடலாம். இவை இரண்டுமே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 38 பதில் தருகிறது.

முழுமைத் திட்டத்துக்கு 26-ம் பிரிவின்படியும், விரிவு அபிவிருத்தித் திட்டத்துக்கு 27-ம் பிரிவின்படியும் அரசிதழில் ஓர் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விளம்புகையும் வரவில்லை, ஒப்பந்தப்படி நிலம் வாங்கப்படவும் இல்லை என்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும்.

'கருதப்படும்' என்றால் யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. கெடு முடிந்த மறுநாள் நிலம் தானாக விடுபடுகிறது. இதையே மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டு உரிமையாளரின் நிலை எவ்வளவு மேல் என்பது தெரியும். மகாராஷ்டிரத்தின் நகரமைப்புச் சட்டம் 127-ம் பிரிவில், இறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்து 10 ஆண்டு காத்திருந்துவிட்டு உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அதிகாரிகளுக்கு இருந்த அவகாசம் முதலில் ஆறு மாதம், பிறகு 12 மாதம், 2015 திருத்தத்துக்குப் பின் 24 மாதம். குஜராத்தில் 10 ஆண்டும் ஆறு மாத நோட்டீசும். இங்கேயோ மூன்றே ஆண்டு, நோட்டீசும் வேண்டாம்.

இவ்வளவு நல்ல பிரிவு இருந்தும் மனைகள் ஏன் முடங்கிக் கிடக்கின்றன? வரைபடத்தில் கோடு அழிக்கப்படுவதில்லை என்பதுதான் காரணம். சட்டப்படி விடுபட்ட நிலம் அலுவலக வரைபடத்தில் சாலையாகவே நீடிக்கிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் வரைபடத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். 38-ம் பிரிவை அவரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு, நியாயமோ அநியாயமோ, உரிமையாளர் தலையில் விழுகிறது.

அந்தத் தேதியைக் கண்டுபிடிப்பது

ஆகவே தேட வேண்டிய முதல் தகவல் அரசிதழ் அறிவிப்பின் தேதி. நிராகரிப்புக் கடிதத்திலேயே திட்டத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் எழுதிக் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் சென்னைப் பெருநகரில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), மற்ற ஊர்களில் உள்ளூர் திட்டக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். இதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தை விட வேகமான வழி பெரும்பாலும் கிடைப்பதில்லை. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

மனுவில் 'ஏன் என் நிலத்தை ஒதுக்கினீர்கள்' என்று கேட்டால் பயனில்லை, காரண விளக்கம் கேட்பதாகச் சொல்லித் தட்டிக்கழிக்க இடம் கொடுத்துவிடும். பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேட்க வேண்டும். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கிராமத்தையும் குறிப்பிட்டு, இந்த நிலத்தை உள்ளடக்கிய திட்டத்துக்கு 26 அல்லது 27-ம் பிரிவின் அறிவிப்பு அரசிதழில் வெளியான தேதி, 37(2)-ன்படி விளம்புகை வெளியாகியிருந்தால் அதன் தேதியும் நகலும், ஒப்பந்தப்படி வாங்கியிருந்தால் அந்த ஆவணத்தின் நகல், திட்ட வரைபடத்தில் இந்தச் சர்வே எண் வரும் பகுதியின் சான்றிட்ட நகல் ஆகியவற்றைக் கேட்டால் போதும். 'விளம்புகை எதுவும் இல்லை' என்று அலுவலகமே எழுத்தில் கொடுக்கும் ஒற்றை வரிதான் பின்னால் வழக்கின் முதுகெலும்பாக நிற்கும். பழைய அரசிதழ் தொலைந்துவிட்டது என்று பதில் வந்தால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்கலாம்.

பதில் கையில் வந்ததும் திட்டக் குழுமத்துக்கு விரிவான மனு ஒன்றை, பெற்றதற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்ப வேண்டும். அறிவிப்புத் தேதி, மூன்று ஆண்டு முடிந்த தேதி, விளம்புகை இல்லை என்ற ஒப்புதல் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, 38-ம் பிரிவின்படி நிலம் விடுபட்டதைப் பதிவுசெய்து திட்ட அனுமதி விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்கும்படி கேட்க வேண்டும். சில அலுவலகங்கள் இந்த அளவிலேயே இறங்கிவருகின்றன. இறங்கிவராவிட்டால் உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டத்தவர் மதுரைக் கிளையில், அரசியல் சாசனத்தின் 226-ம் பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். மனுவில் நிலத்தின் விலையைப் பற்றியோ குடும்பக் கஷ்டத்தைப் பற்றியோ நீட்டி எழுதத் தேவையில்லை. தேதிகள் பேசிவிடும். சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனுக்களில் விடுவிப்பை ஏற்று, விண்ணப்பத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலிக்க உத்தரவிட்டுவந்திருக்கிறது.

எதிர்த்தரப்பு சொல்லும் பதில்கள்

புதிய முழுமைத் திட்டம் வந்துவிட்டது, அதிலும் இதே ஒதுக்கீடு தொடர்கிறது, ஆகவே காலக்கெடு புதிதாகத் தொடங்குகிறது என்பது அடிக்கடி வரும் வாதம். இதை ஏற்றுக்கொண்டால் ஒரு நிலத்தைத் திட்டத்துக்குத் திட்டம் மாற்றி நூறு ஆண்டு முடக்கிவைக்கலாம். குஜராத்தின் பாவ்நகர் பல்கலைக்கழகத்துக்கும் பாலிதானா சர்க்கரை ஆலைக்கும் இடையே நடந்த வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. திட்டத்தைத் திருத்துவது அதிகாரிகளின் கடமை, அந்தத் திருத்தத்தைக் காட்டி உரிமையாளருக்கு ஏற்கெனவே கிடைத்த விடுவிப்பைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அது குஜராத் சட்டத்தின் வாசகத்தை வைத்துச் சொல்லப்பட்டது என்றாலும் அதன் தர்க்கம் இங்கும் பொருந்தும், மனுவில் அதை மேற்கோள் காட்டலாம்.

'நாங்கள் நடவடிக்கையைத் தொடங்கிவிட்டோம், தீர்மானம் போட்டு ஆட்சியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்' என்பதும் உண்டு. மும்பையைச் சேர்ந்த கிர்னார் டிரேடர்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகப் பார்த்தது. மகாராஷ்டிரச் சட்டம் சொல்லும் 'நடவடிக்கை' என்பது கையகப்படுத்தலை நோக்கிய உண்மையான நடவடிக்கையாக இருக்க வேண்டும், கடைசி நேரத்தில் அனுப்பிய கோரிக்கைக் கடிதம் ஆகாது என்றது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அரசிதழில் வந்த விளம்புகையை அல்லது ஒப்பந்தப்படி நிலம் வாங்கப்பட்டதை மட்டும்தான் 38-ம் பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

'பணம் இல்லை, வந்ததும் எடுப்போம்' என்ற பதிலுக்கு 2025 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு ஒன்று நல்ல மறுமொழி. நிர்மிதி டெவலப்பர்ஸ் என்ற நிறுவனம் தொடுத்த மகாராஷ்டிர வழக்கு அது. 33 ஆண்டாக ஒரு மனையை ஒதுக்கீட்டில் வைத்துக்கொண்டு, பழைய உரிமையாளரையும் விடாமல் வாங்கியவரையும் விடாமல் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு 20 ஆண்டு முன்பு, 2005-ல், புனேயில் பூங்காவுக்கு ஒதுக்கிய தனியார் மனை தொடர்பான வழக்கிலும் இதே நிலைப்பாடுதான்: தனியார் நிலத்தைத் திட்டத்தில் காட்டலாம், ஆனால் எடுக்காமலேயே அதைப் பூங்காவாக வைத்திருக்க முடியாது.

38-ம் பிரிவு எங்கே உதவாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் விடப்பட்ட இடம் வேறு கதை. மனை போட்டவர் அந்த இடத்தைக் காட்டித்தான் அனுமதி வாங்கினார், அதைக் காட்டித்தான் மற்ற மனைகளை விற்றார். மூன்று ஆண்டு கழிந்துவிட்டது என்று சொல்லி அதைத் திரும்பக் கேட்பது மனை வாங்கிய குடும்பங்களை ஏமாற்றுவது. பெங்களூரில் பூங்காவுக்கு விட்ட இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. விடுவிப்பு என்ற பெயரில் திறந்தவெளிகள் கரைவதை எதிர்க்கும் குடியிருப்போர் சங்கங்கள் பக்கமே இந்த நூலும் நிற்கிறது.

விடுதலை கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். மகாராஷ்டிரச் சட்டம், விடுபட்ட நிலத்தைப் பக்கத்து நிலத்துக்கு அனுமதிக்கப்பட்டிருக்கும் உபயோகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. தமிழ்நாட்டின் 38-ம் பிரிவு விடுபட்டதாகக் கருதப்படும் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆகவே திட்டக் குழுமத்துக்கு எழுதும் மனுவிலும் ரிட் மனுவிலும், சுற்றியுள்ள நிலத்தின் உபயோக வகையையே இந்த மனைக்கும் பதிவுசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையைத் தனியாகச் சேர்த்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒதுக்கீடு போன பிறகு நில உபயோக மாற்றத்துக்காக இன்னொரு முறை அலைய நேரிடும்.

விடுபட்ட நிலத்தை அரசு பிற்காலத்தில் எடுக்கவே முடியாதா என்றால், முடியும். ஆனால் பழைய கோட்டைக் காட்டி அல்ல. புதிதாக நடைமுறையைத் தொடங்கி, அன்றைய விலையைக் கொடுத்து எடுக்க வேண்டும்.

எடுத்தால் எவ்வளவு?

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் நிலம் கையகப்படுத்தல் சட்டம், 2013 கணக்கை இப்படிப் போடச் சொல்கிறது. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அதே பகுதியில் முந்தைய மூன்று ஆண்டில் நடந்த ஒத்த விற்பனைகளில் விலை கூடிய பாதியின் சராசரி மறுபக்கம். இவற்றில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. ஊரகப் பகுதியில் அரசு அறிவித்த பெருக்கல் காரணியால் அதைப் பெருக்குவார்கள், நகரில் காரணி ஒன்றுதான். அதோடு கட்டடம், கிணறு, மரங்களின் மதிப்பைச் சேர்த்து, வரும் மொத்தத்துக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகக் கூட்ட வேண்டும். சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம் தனியாக உண்டு.

நகரில் 10 சென்ட், சென்ட் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு 30 லட்சம், சுற்றுச்சுவருக்கும் கிணற்றுக்கும் இரண்டு லட்சம், ஆக 32 லட்சம். ஆறுதல் தொகை இன்னொரு 32 லட்சம். நடைமுறை ஒன்றரை ஆண்டு ஓடினால் 30 லட்சத்தின் மீது 5.4 லட்சம். மொத்தம் 69.4 லட்சம். பத்திரச் செலவை மிச்சப்படுத்த ஊரே விலையைக் குறைத்து எழுதிப் பதிந்திருந்தால் அந்தக் குறைந்த விலைதான் இந்தக் கணக்கின் முதல் வரியில் போய் உட்காரும். அந்த நிலையில் இருப்பவர்கள் சட்டத்தின் 26(3)-ஐப் பிடித்துக்கொள்ளலாம். நடவடிக்கை தொடங்குமுன் நடப்பு விலைக்கேற்ப மதிப்பைத் திருத்தும் பொறுப்பை அது ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறது.

மாநில நெடுஞ்சாலைத் துறை எடுக்கும்போது நடைமுறை 2001-ம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி நடக்கும். அந்தச் சட்டம் 2019-ல் உயர் நீதிமன்றத்தில் அடிபட்டு, மாநில அரசு அதற்கு மறுபடி உயிர் கொடுத்து, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்ற வரலாறு நீளமானது. உரிமையாளருக்கு வேண்டியது, இழப்பீட்டுக் கணக்கு அங்கும் 2013 சட்டத்தின் அட்டவணைப்படிதான் என்பது.

மனையின் ஒரு துண்டு மட்டும் போகும்போது, மிஞ்சும் நிலம் பயனற்றுப் போவதைக் கணக்கில் சேர்க்க மறக்கிறவர்கள் பலர். நிலம் துண்டாவதால் வரும் சேதம், மிஞ்சிய சொத்து பாதிக்கப்படுவது, வீடோ தொழிலோ இடம்பெயர வேண்டிய செலவு ஆகியவை எல்லாம் 2013 சட்டத்தின் 28-ம் பிரிவில் உள்ளன. வீட்டின் பாதியை மட்டும் எடுக்கப் பார்த்தால், முழுவதையும் எடுத்துக்கொள்ளும்படி 94-ம் பிரிவின் கீழ் கேட்கலாம்.

எடுக்காமல் முடக்குவது: குழாயும் மின்கோபுரமும்

திட்ட வரைபடத்துக்கு வெளியிலும் இதே பிரச்சினை இருக்கிறது. கொச்சியிலிருந்து பெங்களூரு நோக்கிய கெயில் எரிவாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகளைப் போராட வைத்தது. குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்ன தமிழக அரசின் நிலைப்பாட்டை 2013-ல் உயர் நீதிமன்றமும் 2016-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. 1962-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே நிலம் எடுக்கப்படுவதில்லை, பயன்பாட்டு உரிமை மட்டுமே எடுக்கப்படுகிறது. அந்தப் பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ முடியாது. அதற்கு ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிருக்கும் மரத்துக்குமான சேதம் தனி. தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இந்த 10 சதவீதம் எந்த வகையிலும் போதாது. சட்டம் திருத்தப்பட வேண்டிய இடம் இது.

உயர் மின் கோபுரங்களுக்கு 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. மத்திய மின்துறை 2015-ல் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி செல்லும் பாதைக்கு 15 சதவீதம் வரையும் பரிந்துரைத்தது. 2024-ல் அவற்றை 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தியது. இவை வழிகாட்டல்கள் என்பதால் மாநில அரசு ஏற்று ஆணையிட்டால்தான் கைக்கு வரும். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

தானமாகக் கேட்டால்

பெரிய மனைக்கு அனுமதி கேட்பவரிடம் ஒரு பகுதியைத் தானப் பத்திரமாக எழுதிக் கேட்பது இன்னொரு வகை. 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சாலை போக மிஞ்சும் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை இடம் கொடுப்பதற்குப் பதிலாகப் பணமாகக் கட்டும் வாய்ப்பு உண்டு. இலவசமாகக் கேட்பது சொத்துரிமைக்கு எதிரானது என்ற வாதத்தைச் சென்னையின் வசந்த் அபார்ட்மென்ட்ஸ் உரிமையாளர் சங்க வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் நிராகரித்துவிட்டது. விதி இருக்கிறது, ஊருக்குத் திறந்தவெளி தேவை, ஆகவே செல்லும்.

ஆனால் விதி இருக்க வேண்டும். டெல்லியில் சட்டத்தின் ஆதாரமே இல்லாமல் பூங்கா இடத்தை மாநகராட்சி பெயருக்கு இலவசமாக மாற்றித் தரச் சொன்னதை இதே நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே 10 சதவீதத்துக்கு மேல் கேட்டாலோ, சாலை விரிவாக்கத்துக்கென்று தனியாக ஒரு துண்டைக் கேட்டாலோ, எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ல் வளர்ச்சி உரிமை மாற்றத்துக்கு இடம் உண்டு. பணத்துக்குப் பதில் கூடுதல் கட்டடப் பரப்பாக ஈடு வாங்கும் வழி அது. தானப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே இதைப் பேசி முடித்து, எந்தத் திட்டத்துக்காக, எந்த ஈட்டுக்கு உட்பட்டு இந்த நிலம் கொடுக்கப்படுகிறது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பதிந்த பிறகு ஈடு கேட்பவரின் நிலை மிகவும் பலவீனமானது.

பணம் வாங்கும் நாள்

கையகப்படுத்தலின் முதல் அறிவிப்பு வந்ததும் ஆட்சேபணை தெரிவிக்க 60 நாள் இருக்கிறது. இழப்பீட்டை நிர்ணயிக்கும் தீர்வம் வெளியான பிறகு, தொகை போதாது என்று கருதுபவர் அதை விசாரணை ஆணையத்துக்கு அனுப்பும்படி ஆட்சியரிடம் கேட்கலாம். தீர்வம் சொல்லும்போது நேரில் இருந்தவருக்குக் கெடு ஆறு வாரம்தான். நேரில் இல்லாதவர்களுக்குக் கணக்கு சற்று வேறு, ஆனாலும் ஆறு வாரத்தையே எல்லையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பணம் வாங்கும்போது ரசீதில் கையெழுத்திடுவதற்கு முன், 'தொகை போதாது என்ற ஆட்சேபணைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்' என்று உரிமையாளர் தன் கையால் எழுத வேண்டும். அச்சிட்ட படிவத்தில் அதற்கு இடமில்லை என்று சொன்னால் ஓரத்தில் எழுதலாம், எழுதவே விடாவிட்டால் அன்றே தனிக் கடிதமாகக் கொடுத்து ஒப்புதல் வாங்கலாம். ஆட்சேபணை இல்லாமல் பணத்தை வாங்கியவர் கூடுதல் தொகை கேட்டுப் போக முடியாது என்று 2013 சட்டத்தின் 77-ம் பிரிவு சொல்கிறது. ரசீதில் எழுதும் அந்த ஒற்றை வாக்கியம் பல லட்சம் ரூபாய் மதிப்புள்ளது.